படைப் பொம்மைகளுக்காக அறுகோணியைக் கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாடசாலை விடுமுறையையொட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த, பழங்காலப் போர்களை மேசைமேல் விளையாடுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம். அதற்காக முதலில் நன்றி. ஆனால், அறுகோணிக் கட்டங்களில் மரக்கட்டைகளை நகர்த்தி ஆடும் ஆட்டத்தைச் சிற்றுருவப் பொம்மைகளுக்கு மாற்ற விரும்புவோர் கட்டங்களை நீக்கிவிட்டு அளவுநாடாவால் தூரத்தை அளந்து ஆடலாம் என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கட்டுரையோடு வந்த வரைபடத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதைக் கடிதத்தின் முடிவில் குறிப்பிடுகிறேன்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் படவரைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடந்த சில வருடங்களாக என் பேரனுக்காகவும், உண்மையைச் சொன்னால் எனக்காகவும், 2006ஆம் ஆண்டு ஜி.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரிச்சர்ட் போர்க்கின் 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' என்ற விளையாட்டை வீட்டில் சிற்றுருவங்களுக்கு மாற்றி ஆடி வருகிறேன். கட்டுரையாளர் பெயர் குறிப்பிடாவிட்டாலும், அவர் விவரித்த கட்டளைச் சீட்டுகளையும் ஆறு குறிகள் கொண்ட தாயக்கட்டையையும் பார்த்தால் அவர் மனதில் இருந்ததும் இதே விளையாட்டுத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அதன் களம் அகலத்தில் 13, ஆழத்தில் 9 அறுகோணிகள் கொண்டது. ஒரு கட்டத்தில் ஓர் அணி மட்டுமே நிற்கலாம். காலாள் அணிக்கு நான்கு மரக்கட்டைகள், குதிரை அணிக்கு மூன்று, யானை அணிக்கு இரண்டு. மெல்லிய படைக்குப் பச்சை வட்டம், நடுத்தரப் படைக்கு நீல முக்கோணி, கனத்த படைக்குச் சிவப்புச் சதுரம் என்று கட்டைகளில் ஒட்டியிருக்கும். தாயக்கட்டையிலும் அந்த மூன்று குறிகளோடு வாள், கொடி, தலைக்கவசம் ஆகியவை உண்டு. எதிரியின் குறி விழுந்தால் அவனுடைய கட்டையொன்று போகும். கொடி விழுந்தால் அவன் பின்வாங்க வேண்டும். இந்த அளவு எளிமையான ஏற்பாட்டுக்குள் பழங்காலப் போரின் இயல்பு எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கவனித்தால்தான், கட்டத்தை எடுத்துவிட்டால் எதை இழக்கிறோம் என்பது விளங்கும்.

துப்பாக்கி இல்லாத காலத்துப் போரில் ஒரு படையின் உயிர் அதன் வரிசையில்தான் இருந்தது. தோளோடு தோள் நின்ற வரை ஈட்டிக்காரர்கள் மலைபோல நின்றார்கள். பக்கத்தில் நின்றவன் விலகியதும் கலைந்தார்கள். இந்த விளையாட்டில், தன்னைத் தொட்டு நிற்கும் கட்டங்களில் குறைந்தது இரண்டிலாவது சொந்தப் படையைக் கொண்டிருக்கும் அணி, தனக்கு எதிராக விழுந்த கொடிகளில் ஒன்றைப் பொருட்படுத்தத் தேவையில்லை. விதி அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு விதிக்காகவே விளையாடுபவர் தன் அணிகளை ஒன்றையொன்று தொட்டபடி வைத்திருக்கப் பாடுபடுகிறார். நடுவில் ஓர் அணி விழுந்ததும் அதற்கு இரு புறமும் நின்றவை ஒரே கணத்தில் துணையிழக்கின்றன. தொட்டு நிற்கிறதா இல்லையா என்ற கேள்விக்குக் கட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத விடை உண்டு. அளவுநாடாவில் அது இல்லை. கட்டுரையாளர் சொன்ன முறையை நாங்களும் ஒரு மாதம் பரீட்சித்துப் பார்த்தோம். என் பேரனும் மேல்மாடியிலிருந்து வரும் அவனுடைய நண்பனும், பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் இரண்டு அடித்தட்டுகளுக்கு இடையே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறதா என்று மேசைமேல் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், சண்டை பிடித்த நேரத்தைவிட அதிகம்.

பொம்மைகளுக்கு முகமும் முதுகும் இருப்பதால் பக்கவாட்டுத் தாக்குதலுக்கும் முதுகுப்புறத் தாக்குதலுக்கும் தனி விதிகள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுரையாளரும் அப்படித்தான் எழுதியிருந்தார். மரக்கட்டைக்கு முகம் இல்லை, பொம்மைக்கு இருக்கிறது என்பது சரிதான். ஆனால் அந்த வேலையை இந்த விளையாட்டு வேறு வழியில் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது. பின்வாங்க வேண்டிய அணிக்குப் போக இடம் இல்லாவிட்டால், போக முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டையை அது இழக்கும். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜியத் தளபதி ஹனிபால் தன் படையின் நடுப்பகுதியைப் பிறைபோல முன்னுக்குத் துருத்தி நிறுத்தி, ரோமர் அதை அழுத்திக்கொண்டு உள்ளே நுழைந்ததும் இரு புறமிருந்தும் பின்னிருந்தும் அவர்களை மூடினார். அந்தப் போரை ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெருங்கி நின்ற ரோம அணிகள், எதிரியின் வாளால் விழுவதைவிட, கொடி விழுந்து ஒதுங்க இடமில்லாமல்தான் அதிகம் கரையும். முதுகு எது, பக்கம் எது என்று அங்கே ஒருவரும் கேட்கத் தேவையில்லை. பொம்மைகளை எதிரியைப் பார்த்தபடி அழகுக்கு நிறுத்திக்கொள்ளலாம். விதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சதுரக் கட்டம் ஏன் கூடாது என்றும் ஒருவர் கேட்கலாம். சதுரத்தில் நேராக ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு தூரம், மூலைவிட்டமாக நகர்ந்தால் அதைப்போல் ஏறத்தாழ 1.41 மடங்கு தூரம். அறுகோணியில் ஆறு அயல் கட்டங்களும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அவலோன் ஹில் நிறுவனம் தன் கெட்டிஸ்பர்க் விளையாட்டின் மறுபதிப்பில் சதுரத்தை விட்டு அறுகோணிக்கு மாறியது முதல் போர் விளையாட்டுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது முக்கிய காரணம்.

ஆகவே என் கருத்து இதுதான்: கட்டம் இருக்கட்டும், அதைப் பெரிதாக்குங்கள். எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்கு வேண்டும். 15 மில்லிமீற்றர் உயரப் பொம்மைகளுக்கு, எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 10 சென்ரிமீற்றர் உள்ள அறுகோணி அளவாக அமைகிறது. இந்த அளவுப் பொம்மைகளை 40 மில்லிமீற்றர் அகலமான தட்டுகளில் ஒட்டுவது வழக்கம். காலாளுக்கு 20 மில்லிமீற்றர் ஆழம் எடுத்தால், நான்கு தட்டுகளையும் முன்னுக்கு இரண்டு பின்னுக்கு இரண்டாக வைக்கும்போது 80க்கு 40 மில்லிமீற்றர் ஆகும். அறுகோணிக்குள் வசதியாக அடங்கும். குதிரைக்கு 30 மில்லிமீற்றர் ஆழம். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று வைத்தால் 80க்கு 60, அதுவும் அடங்கும். யானைக்கு 40க்கு 40. இரண்டு யானைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். களம் முழுவதும் ஏறக்குறைய 130 சென்ரிமீற்றருக்கு 81 சென்ரிமீற்றர் வரும். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் நாலு பேர் இருந்து சாப்பிடும் மேசைமேல் ஒரு பிளைவூட் பலகையைப் போட்டு, துணியில் வரைந்த களத்தை அதன்மேல் விரித்துவிடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுருட்டியும் வைக்கலாம். 28 மில்லிமீற்றர்ப் பொம்மைகளுக்கு 15 சென்ரிமீற்றர் அறுகோணி தேவைப்படும். அப்போது களம் ஆறரை அடிக்கு நாலடியாகிவிடும். அதற்கு வீட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு கட்டைக்கு ஒரு தட்டு என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓர் அணி முழுவதையும் ஒரே பெரிய தட்டில் ஒட்டி, இழப்பைக் கணக்கிட ஓரத்தில் ஒரு சின்னத் தாயக்கட்டையை வைப்போர் உண்டு. புகைப்படத்துக்கு அது அழகாக இருக்கும். ஆனால் மேசையின் மறுகரையில் இருப்பவர் எட்டிப் பார்த்து எண்ணை வாசிக்க வேண்டும். சட்டை நுனி பட்டு அந்தத் தாயக்கட்டை உருண்டுவிட்டால் அணியின் உயிர் எவ்வளவென்று இருவருக்கும் தெரியாது. தட்டுகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டே வந்தால் களம் வெறுமையாவதை இருவரும் கண்ணால் காண்கிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சோதனையும் வரும். நான்கில் மூன்று தட்டுகளை இழந்த அணி முழுப் பலத்தோடு தாயக்கட்டை வீசுவது, மரக்கட்டையில் ஆடும்போது யாருக்கும் உறுத்துவதில்லை; நாலு வீரர்கள் மட்டும் நிற்பதைக் கண்ணால் பார்த்தபின், கனத்த காலாளுக்குரிய ஐந்து தாயக்கட்டைகளையும் வீசக் கை கூசும். இழப்புக்கேற்பத் தாயக்கட்டையைக் குறைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இந்த விளையாட்டில் கட்டைகள் குறிப்பது பிணக்கணக்கை அல்ல, அணி இன்னும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை. குறைத்து ஆடினால் முதலில் அடித்தவனே எப்போதும் வெல்வான். நாங்கள் இரண்டு முறை பார்த்தோம், இரண்டு முறையும் அரை மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

பொம்மையைப் பார்த்ததும் அது மெல்லிய படையா, கனத்த படையா என்று தெரிய வேண்டும் என்பதும் சின்ன விடயமல்ல. கேடயத்தையும் கவசத்தையும் வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். பதினொரு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தட்டின் பின் விளிம்பில் மட்டும் பச்சை, நீலம், சிவப்புத் தீந்தையை ஒரு கோடாக இழுத்துவிட்டேன். முன்னிருந்து பார்த்தால் மண்ணும் புல்லும் தெரியும். ஆடுபவரின் பக்கமிருந்து நிறம் தெரியும். எதிரியின் நிறம் தெரியாதே என்று பேரன் கேட்டான். அவன் கேட்டது நியாயம். முன் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

யானைகளைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. கட்டுரையாளர் யானை அணிக்கு நகரும் தூரம் கொடுத்திருந்தார். வெறி கொண்டு ஓடும் விதியை விட்டுவிட்டார். இந்த விளையாட்டில் யானை அணி பின்வாங்க நேர்ந்தால், அதன் அயல் கட்டங்களில் யார் நின்றாலும், சொந்தப் படையானாலும், மிதிபடும். இது வேடிக்கைக்காகச் சேர்த்த விதி அல்ல. கி.மு. 202இல் சாமாவில் ஹனிபாலின் எண்பதுக்கு மேற்பட்ட யானைகளுக்கு முன்னால் ரோமத் தளபதி சிப்பியோ தன் அணிகளுக்கிடையே நேரான சந்துகளை விட்டு நின்றதும், எக்காளச் சத்தத்தில் மிரண்ட யானைகளில் சில திரும்பி ஹனிபாலின் குதிரைப் படைக்குள்ளேயே புகுந்ததும் வரலாறு. அதற்கு ஐந்து வருடம் முன்பு மெத்தவுரஸ் ஆற்றங்கரையில் நடந்த போரில், எதிரி கொன்ற யானைகளைவிடப் பாகர்களே கொன்ற யானைகள் அதிகம் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். மிரண்ட யானையின் கழுத்தில் இறக்குவதற்கு உளியும் சுத்தியலும் அவர்கள் கையிலேயே இருந்தன. யாரை மிதிக்கும் என்பதற்கு ஆறு கட்டங்களும் விடை சொல்லிவிடுகின்றன. அளவுநாடாவில் அதற்கு எத்தனை சென்ரிமீற்றர், எந்தத் திசை என்று ஒரு பக்கம் விதி எழுத வேண்டிவரும்.

யானைப் பொம்மைக்கு நான் புறக்கோட்டை நடைபாதையில் பிளாஸ்ரிக் யானைகள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் காது விசிறிபோல அகலமாக இருப்பது கண்ணில் பட்டது, ஆபிரிக்க யானை. கார்த்தேஜியருக்கு அது பொருந்தும். அலெக்சாந்தரை எதிர்த்த இந்திய மன்னன் போரஸுக்குப் பொருந்தாது. கி.மு. 217இல் ரபியாவில் எகிப்து மன்னன் தொலமியின் ஆபிரிக்க யானைகள் எதிரே நின்ற இந்திய யானைகளின் மணத்தையும் பிளிறலையும் தாங்க மாட்டாமல் பின்வாங்கின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்வதால், இரண்டையும் ஒரே யானையாக வைத்து ஆட எனக்கு மனம் வரவில்லை. காதுகளைக் கத்தரித்துச் சூடாக்கிய கத்தியால் விளிம்பைத் தேய்த்தேன். நம் தீவின் யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போருக்கு மேலும் ஏற்றவை என்று அலெக்சாந்தரோடு வந்த ஒனெசிகிரிட்டஸ் சொன்னதாக ரோம எழுத்தாளர் பிளினி குறித்திருப்பதால், கத்தரித்த காதோடு நிற்பவற்றைக் கொஞ்சம் பெரியதாகவே விட்டுவைத்தேன் என்று பேரனிடம் சொன்னேன். உண்மையில் அந்த அளவில்தான் கடையில் இருந்தன.

பொம்மைகள் விலைகூடியவை, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று தயங்குவோருக்கு ஒரு சொல். என் படைகளில் பாதிக்கு மேற்பட்டவை கடதாசி மட்டையில் வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டியவை. தட்டின் அளவு சரியாக இருந்தால் விளையாட்டுக்கு அதுவே போதும். பிறகு காசு சேரச் சேர ஒவ்வொரு அணியாக மாற்றிக்கொள்ளலாம். தட்டின் கீழே காந்தம் ஒட்டித் தகரப் பெட்டியில் அடுக்கும் முறை வெளிநாட்டாருக்குச் சரிவரும்; காலி வீதிக்குக் கடல்பக்கம் குடியிருப்பவர்களின் தகரப் பெட்டி ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும் என்பதையும் கவனத்தில் வைக்கவும்.

இனி வரைபடம். கட்டுரையில் அறுகோணியின் அகலம் 10 சென்ரிமீற்றர் என்றும், ஒரு வரிசையின் நடுப்புள்ளிகளிலிருந்து அடுத்த வரிசையின் நடுப்புள்ளிகளுக்கு உள்ள தூரமும் 10 சென்ரிமீற்றர் என்றும் அச்சாகியிருந்தது. அப்படி வரைந்தால் அறுகோணிகள் நெடுக்கே நீண்டு, சம அயல் என்ற குணமே போய்விடும். மூன்று அயல் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் வருவது சமபக்க முக்கோணி. பக்கம் 10 என்றால் உயரம் 8.66. ஆகவே வரிசைகளுக்கிடையே 8.66 சென்ரிமீற்றர்தான் வேண்டும்.

இதை எழுதும் நானும் முதல் துணியில் பிழை விட்டவன்தான். மட்டையில் ஓர் அறுகோணியை வெட்டி அதை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டே போனேன். பென்சில் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மில்லிமீற்றரைச் சேர்க்க, பதின்மூன்றாம் கட்டத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஓடிப்போய், கீழ் வரிசை மேல் வரிசையோடு பொருந்தவில்லை. முப்பது வருடம் படம் வரைந்தவன் செய்யக்கூடிய வேலையா இது என்று மனைவி கேட்டார். சரியான முறை எளிது: கன்வஸ் துணியை முதலில் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, 8.66 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக ஒன்பது கோடுகளை மெல்லிதாக இழுக்க வேண்டும். முதற்கோட்டில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி. அடுத்த கோட்டில் 5 சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கி அதேபோல். இப்படி மாறி மாறி. புள்ளிகளை ஒரே தொடக்கத்திலிருந்து அளந்து வைக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றாக அல்ல. பிறகு மட்டை அறுகோணியை ஒவ்வொரு புள்ளியின்மேலும் நடுவைத்து, ஆறு முனைகளில் மட்டும் மண்ணிறப் பொட்டு வைத்தால் போதும். பக்கங்களைக் கோடாக இழுக்கத் தேவையில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குப் புல்வெளி மட்டும் தெரியும். ஆடுபவருக்குக் கட்டம் தெரியும். இடம், நடு, வலம் என்று களத்தை மூன்றாகப் பிரிக்கும் எல்லைகளை மட்டும் வேறு நிறப் பொட்டாக வைக்கலாம், ஏனென்றால் கட்டளைச் சீட்டுகள் அந்தப் பிரிவுகளின்படிதான் உத்தரவு கொடுக்கின்றன. கட்டங்கள் அழகைக் கெடுக்கும் என்ற கட்டுரையாளரின் கவலைக்கும் இதுவே என் பதில்.

அநுராதபுரத்துத் தெற்கு வாயிலில் தமிழ் மன்னன் எல்லாளனும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் யானைமேல் மோதியதை இந்தக் களத்தில் ஆட முடியுமா என்று பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள். மேல்மாடிப் பிள்ளை சிங்களப் பிள்ளை. எல்லாளனின் மகாபர்வதம் என்ற யானையையும் துட்டகைமுனுவின் கண்டுல என்ற யானையையும் பழைய பாளி நூலான மகாவம்சம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்த அணி எங்கே நின்றது என்பதை ஒரு களமாக வரையும் அளவுக்குச் சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு களம் வரைந்து கொடுத்தேன். இந்த விளையாட்டில் ஒரே போரைப் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி வெற்றிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம் என்பதால், யார் யாராக இருப்பது என்ற கேள்வி எழவில்லை. இரண்டு பேரும் இரண்டு பேராகவும் இருந்தார்கள். இரண்டு முறையும் எல்லாளனின் யானைதான் மிரண்டது, தாயக்கட்டையின் விருப்பம்.

அடுத்த ஞாயிறு இதழிலாவது வரிசைகளுக்கிடையேயான தூரம் 8.66 சென்ரிமீற்றர் என்று ஒரு திருத்தத்தை வெளியிட்டால், விடுமுறைக்குள் துணி வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகள் அதை வீணாக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.